சோப்பிலிருந்து மூளைக்கு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரை ஒட்டியுள்ள சாம்ப்ளீயில் பூச்சிக்கொல்லிகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் அரசு ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே பணியாற்றிய கிம்ப்ரோ, கெயின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி கலந்த தீவனத்தைத் தின்ற எலிகளுக்குப் பின்னங்கால்கள் தளர்ந்தன. சிலவற்றுக்கு அவை முழுவதும் செயலிழந்தன. மூளையை வெட்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, நரம்பிழைகள் செறிந்த வெண்பொருள் பஞ்சு போலத் துளை விழுந்து கிடந்தது. இந்தப் பொருள் பயிர்களுக்கான பூஞ்சைக்கொல்லியாகவும் பயன்பட்டதால்தான் பூச்சிக்கொல்லி ஆய்வுக்கூடத்தின் மேசைக்கு வந்திருந்தது. ஆனால் அதே ஆண்டில், அதே நாட்டில், ஆயிரக்கணக்கான மகப்பேறு மருத்துவமனைகளில் அன்று பிறந்த சிசுக்களை அந்தப் பொருளின் 3 சதவீதக் கரைசலால்தான் தினமும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தக்காளிச் செடிக்குத் தெளிப்பதற்கு முன் கேட்கப்பட்ட கேள்வி, குழந்தையின் உடம்பில் பூசுவதற்கு முன் கேட்கப்படவில்லை. ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கான விடை, கிருமிநாசினித் தொழில் ஒரு நூற்றாண்டாக நம்பிவந்த ஒரு கருத்தில் இருக்கிறது. கிருமியைக் கொல்லும் பொருள் நம்மை ஒன்றும் செய்யாது, ஏனெனில் கிருமி வேறு, நாம் வேறு என்பதே அந்தக் கருத்து. ஹெக்ஸாகுளோரோஃபீனைப் பொறுத்தவரை அது பொய். அது பாக்டீரியாவை எந்த இடத்தில் தாக்கியதோ, ஏறக்குறைய அதே இடத்தில்தான் மூளையையும் தாக்கியது. இடையில் காவல் நின்றது தோல் ஒன்றுதான். பச்சிளம் குழந்தையிடம் அந்தக் காவலும் முழுமையாக இல்லை.

இந்தத் தொழிலின் வேர் 1867-இல் ஜோசப் லிஸ்டர் கிளாஸ்கோவில் அறுவைச் சிகிச்சைப் புண்களுக்கு கார்பாலிக் அமிலம் பயன்படுத்தி வெளியிட்ட முடிவுகளில் இருக்கிறது. கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனால். அது கிருமியைக் கொன்றது. கூடவே மருத்துவரின் கையையும் அரித்தது. 1894-இல் லீவர் சகோதரர்கள் லைஃப்பாய் என்ற பெயரில் கார்பாலிக் சோப்பைக் கொண்டுவந்தபோது மருத்துவமனை வாசனை வீட்டுக் குளியலறைக்குள் நுழைந்தது. ஆனால் வேதியியலாளர்களுக்கு ஒரு சிக்கல் தீரவில்லை. பெரும்பாலான ஃபீனால் வகைகள் சோப்புடன் சேர்ந்ததும் வீரியம் இழந்துவிடும். சோப்புக்குள்ளும் சுணங்காமல், தோலை எரிக்காமல், கிருமியை மட்டும் கொல்லும் ஒரு ஃபீனாலைத் தேடினார்கள். வாசனைப் பொருள்கள் தயாரிக்கும் ஜிவோடான் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்த வில்லியம் கம்ப் அதைக் கண்டுபிடித்தார். ஃபீனால் வளையங்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று குளோரின் அணுக்கள், நடுவில் ஒரு கார்பன் இணைப்பு. 1941-இல் காப்புரிமை கிடைத்தது. நிறுவனத்துக்குள் அதன் பெயர் ஜி-11. அதற்கு இன்னொரு குணமும் இருந்தது: கழுவிய பிறகும் தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், மறுநாள் கழுவினால் முந்தைய நாள் மிச்சத்தின்மேல் இன்னொரு படலம் சேரும். நாள்தோறும் பயன்படுத்தப் பயன்படுத்தத் தோலில் கிருமிகள் குறைந்துகொண்டே போயின. அறுவை மருத்துவர்களுக்கு இது வரமாகத் தெரிந்தது. கொழுப்பில் எளிதாகக் கரைந்து, உடம்பில் படிந்து, மெல்ல மெல்லச் சேரும் பொருள் என்பதே இதன் இன்னொரு பக்கம். அந்தப் பக்கத்தை யாரும் விற்பனைத் தாளில் அச்சிடவில்லை.

1948-இல் சிகாகோவின் ஆர்மர் நிறுவனம் டயல் என்ற உடல் நாற்றம் நீக்கும் சோப்பை இதைக் கலந்து விற்றது. வியர்வை நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவை அடக்கும் சோப்பு என்று அது பெயர் வாங்கியது. வின்த்ரோப் நிறுவனத்தின் ஃபைசோஹெக்ஸ் என்ற 3 சதவீதக் கரைசல் அறுவைக்கூடங்களில் கை கழுவும் மருந்தானது. பிறகு முகப்பவுடர், ஷாம்பு, குழந்தைப் பவுடர், உடல் வாசனைத் தெளிப்பான் என்று நூற்றுக்கணக்கான பொருள்களில் இது இடம்பிடித்தது. இதை வெறும் வணிகப் பேராசை என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால் வரலாற்றுக்கு நியாயம் செய்ததாகாது. 1950-களில் மகப்பேறு மருத்துவமனைகள் உண்மையிலேயே ஒரு பேராபத்தில் இருந்தன. பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வகைகள், குறிப்பாக 80/81 என்று எண்ணிட்டு அழைக்கப்பட்ட வகை, ஆஸ்திரேலியா தொடங்கிப் பல நாடுகளில் பிறந்த குழந்தைகள் பிரிவுகளுக்குள் புகுந்திருந்தன. சிசுக்களுக்குக் கொப்புளங்கள், தொப்புள்கொடிப் புண், நிமோனியா; பால் கொடுக்கும் தாய்மாருக்கு மார்பில் சீழ்க்கட்டி. பெனிசிலின் கைவிட்டுவிட்டது, புதிய மருந்துகள் இன்னும் வரவில்லை. அந்த நிலையில் ஹெக்ஸாகுளோரோஃபீன் குளியல் குழந்தைகளின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் குடியேறுவதைக் கண்கூடாகக் குறைத்தது. அதைத் தேர்ந்தெடுத்த செவிலியரும் மருத்துவரும் குழந்தைகளைக் காப்பாற்றவே தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய கையில் இருந்த கருவி எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டியவர்களும் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பாக்டீரியா தன் உணவை எரித்துப் பெறும் ஆற்றலைத் தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில்தான் சேமிக்கிறது. சவ்வின் ஒரு பக்கத்தில் புரோட்டான்களைத் தேக்கி, அவை திரும்பி வரும் வழியில் ஒரு நொதியைச் சுழலவைத்து, ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் செய்துகொள்கிறது. மனித உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இதையேதான் செய்கிறது. கண்மாயில் தேங்கிய நீர் மடை வழியே வந்தால்தான் வயலுக்குப் பாயும். கரையில் எங்கெங்கோ துளை விழுந்தால் நீரும் போய்விடும், பயிரும் விளையாது. ஹெக்ஸாகுளோரோஃபீன் போன்ற ஃபீனால்கள் இந்தக் கரையில் துளையிடுபவை. அவை சவ்வின் கொழுப்புக்குள் கரைந்து, புரோட்டான்களைத் தாங்களே சுமந்து குறுக்கே கடத்திவிடும். உயிரணு மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும், எரிபொருள் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஏ.டி.பி. உண்டாகாது, ஆற்றல் வெறும் வெப்பமாக வீணாகும். இந்த வகை நஞ்சு அமெரிக்காவுக்குப் புதிதும் அல்ல. 1933-இலிருந்து டைநைட்ரோஃபீனால் உடல் எடை குறைக்கும் மாத்திரையாக விற்கப்பட்டு, உள்ளே பொங்கிய வெப்பத்தால் பலர் இறந்து, கண்புரையால் பலர் பார்வை இழந்து, 1938-இல் புதிய உணவு மருந்துச் சட்டம் வந்ததும் அது சந்தையிலிருந்து விரட்டப்பட்டது. உணவை எரிப்பதற்கும் ஏ.டி.பி. செய்வதற்கும் இடையிலுள்ள இணைப்பை டைநைட்ரோஃபீனால் அறுக்கிறது என்பதை லூமிஸ், லிப்மன் இருவரும் காட்டியது 1948-இல். டயல் சோப்பு கடைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். சவ்வும் புரோட்டானும் எப்படி இணைந்து இயங்குகின்றன என்ற விளக்கத்தை பீட்டர் மிட்செல் 1961-இல் முன்வைத்தார். அதற்கு நோபல் பரிசு கிடைக்க 1978 வரை ஆனது.

மைட்டோகாண்ட்ரியாவே ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவாக இருந்து, பிறகு பெரிய உயிரணு ஒன்றுக்குள் குடியேறியது என்று லின் மார்குலிஸ் 1967-இல் எழுதினார். இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இந்த உண்மையை வைத்துப் பார்த்தால், பாக்டீரியாவின் மூச்சுச் சவ்வைக் குறிவைக்கும் எந்த மருந்தையும் மனிதனுக்குப் பாதிப்பில்லாதது என்று முன்கூட்டியே நம்புவதற்கு ஆதாரமே இல்லை. பாதிப்பில்லை என்றால் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். உடலில் மற்ற எதையும்விட மூளைக்குத்தான் இந்த வகைத் தாக்குதல் பெரும் ஆபத்து. வளர்ந்த மனிதரின் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். உடல் ஓய்வில் இருக்கும்போது செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. குழந்தையிடம் இந்தப் பங்கு இன்னும் அதிகம். அந்த ஆற்றலின் பெரும்பகுதி நரம்பணுக்களின் உள்ளே சேரும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் பம்புகளை ஓட்டவே செலவாகிறது. தசைக்கும் கல்லீரலுக்கும் கொஞ்சம் சேமிப்பு உண்டு. மூளைக்குச் சில நிமிடச் சேமிப்புகூடக் கிடையாது.

சாம்ப்ளீ கட்டுரை வந்த மறுஆண்டே, 1972-இல், எலியின் மூளையிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் ஹெக்ஸாகுளோரோஃபீனைக் கலந்து பார்த்தார்கள். மிகச் சிறிய அளவிலேயே அந்த இணைப்பு அறுந்தது: ஆக்சிஜன் செலவு கூடியது, ஏ.டி.பி. உற்பத்தி சரிந்தது. அளவைக் கூட்டியதும் மூச்சே அடங்கியது. இதற்கு எதிராக ஒரு கேள்வி உண்டு. அது நியாயமான கேள்வியும்கூட. ஆற்றல் குலைவதுதான் காரணம் என்றால், டைநைட்ரோஃபீனால் கொடுத்த விலங்குகளின் மூளையில் ஏன் இந்தப் பஞ்சுத் துளைகள் காணப்படவில்லை? ஹெக்ஸாகுளோரோஃபீன் உண்டாக்கும் துளைகள் ஏன் நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறைக்குள் மட்டும், உறையின் அடுக்குகள் பிரிந்து நீர் கோத்ததுபோலத் தோன்றுகின்றன? மயலின் இன்னும் உருவாகாத மிக இளம் எலிக்குட்டிகளில் அந்தத் துளைகள் தோன்றவில்லை என்பதும் சோதனைகளில் தெரியவந்தது. ஆகவே ஹெக்ஸாகுளோரோஃபீன் மயலினோடு நேரடியாகப் பிணைந்து அதைக் குலைக்கிறது, மைட்டோகாண்ட்ரியா இதில் இரண்டாம் கதை என்று சிலர் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. மயலின் என்பது கொழுப்புச் சவ்வின் பல சுருள்கள். கொழுப்பில் கரையும் நஞ்சு அங்கே போய்த் தங்குவது இயல்பு. அப்படித் தங்கிய நஞ்சு அருகிலுள்ள உயிரணுக்களின் ஆற்றலையும் குடிக்கும்போது, உப்பையும் நீரையும் சமநிலையில் வைக்கும் பம்புகள் தளரும். நீர் அடுக்குகளுக்கிடையே புகும். மூளை வீங்கும், மண்டையோட்டுக்குள் இடம் இல்லாததால் அழுத்தம் ஏறும், மூச்சும் இதயத் துடிப்பும் அடங்கும். நஞ்சை நிறுத்திய விலங்குகளில் வீக்கம் வாரங்களில் பெருமளவு வடிந்ததும் இதற்கு இசைகிறது: நரம்பிழை அறுபடவில்லை, அதைச் சுற்றிய உறையில் நீர் கோத்திருந்தது, அவ்வளவே.

இதைவிடக் கூர்மையான சான்று, அந்த 1972 சோதனைகளுக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே கிடைக்கத் தொடங்கிவிட்டது. 1954-இல் பிரான்சில் ஸ்டாலினான் என்ற மாத்திரை விற்கப்பட்டது. எதற்கு? ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியால் வரும் கட்டிகளுக்கு. அதில் வெள்ளீயத்தின் கரிமச் சேர்மம் ஒன்று இருந்தது. தயாரிப்பின்போது அதோடு ட்ரைஎத்தில் டின் என்ற கொடிய நஞ்சும் சேர்ந்துவிட்டது. சுமார் நூறு பேர் இறந்தார்கள். மூளை வீக்கம், தாங்கமுடியாத தலைவலி, வலிப்பு, பார்வைக் கோளாறு. உயிர் பிழைத்தவர்களில் பலர் முடமானார்கள். இங்கிலாந்தில் அரசு நச்சியல் ஆய்வாளர்கள் உடனே அதைச் சோதித்தார்கள். 1955-இல் ஆல்ட்ரிட்ஜ், கிரீமர் இருவரும் ட்ரைஎத்தில் டின் மைட்டோகாண்ட்ரியாவின் ஏ.டி.பி. உற்பத்தியை நிறுத்துகிறது என்று காட்டினார்கள். 1957-இல் அவர்களுடைய சக ஆய்வாளர்கள் எலிகளின் வெண்பொருளில் நீர் கோத்த அதே வகைத் துளைகளைக் கண்டார்கள். சவ்வில் தங்கி ஆற்றலைக் குலைக்கும் கொழுப்பு விரும்பி நஞ்சு ஒன்று மூளையின் வெண்பொருளை எப்படிச் சிதைக்கும் என்ற வரைபடம், ஃபைசோஹெக்ஸ் மகப்பேறு பிரிவுகளில் பரவிய ஆண்டுகளிலேயே நூலகங்களில் இருந்தது. கிருமிநாசினித் துறையில் அதைப் புரட்டிப் பார்த்தவர்கள் இருந்ததற்கான அடையாளம் இல்லை. ஒருவர் மாத்திரை செய்தார், இன்னொருவர் சோப்பு செய்தார். வாயால் போவதும் தோலில் படுவதும் வேறுவேறு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தோல் தடுக்கும் என்ற நம்பிக்கை முதலில் தீக்காயப் பிரிவுகளில் உடைந்தது. தோலே போய்விட்ட குழந்தைகளின் புண்களை இந்தக் கரைசலால் கழுவியபோது வலிப்பு வந்ததாக 1968-இல் எழுதினார்கள். தீக்காயம் விதிவிலக்கு என்று அது ஒதுக்கப்பட்டது. 1971-இல், நன்றாகத் தோல் மூடிய, நோய் இல்லாத பிறந்த குழந்தைகளின் இரத்தத்தை அளந்தபோது, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் நாளில் எல்லோரிடமும் ஹெக்ஸாகுளோரோஃபீன் இருந்தது. சில குழந்தைகளில் அது, மூளை சிதைந்த எலிகளின் இரத்தத்தில் இருந்த அளவில் சுமார் பாதியை எட்டியிருந்தது. அதே ஆண்டின் இறுதியில் குட்டிக் குரங்குகள் பற்றிய ஆய்வு முடிவு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கைக்கு வந்தது: 3 சதவீதக் கரைசலால் 90 நாட்கள் தினமும் குளிப்பாட்டப்பட்ட குட்டிகளின் மூளையிலும் அந்தத் துளைகள். எலிக்குக் கொடுத்தது மிக அதிக அளவு, அதை மனிதனுக்குப் பொருத்தக் கூடாது என்ற எதிர்ப்பு இத்துடன் வலுவிழந்தது. குரங்குகளுக்கு யாரும் எதையும் ஊட்டவில்லை. குழந்தைகளுக்குச் செய்ததையே, இன்னும் கொஞ்சம் அதிக நாட்கள் செய்தார்கள். 1971 டிசம்பரில் பிறந்த குழந்தைகளை வழக்கமாக இதில் குளிப்பாட்ட வேண்டாம் என்று நிர்வாகம் அறிவுறுத்தியது. அது தடை அல்ல, அறிவுரைதான்.

தடைக்கு வழி திறந்தது பிரான்ஸ். 1972-இன் வசந்தத்திலிருந்து அந்நாட்டின் பல மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தொடையிடுக்கில் கடும் சிவப்பு, வாந்தி, வலிப்பு, மயக்கம், பிறகு மரணம். மூளைக்காய்ச்சல் என்று நினைத்த மருத்துவர்கள் வைரஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாதங்கள் கழிந்து ஆகஸ்டில்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான ஒரே பொருள் கண்டுபிடிக்கப்பட்டது: மொராஞ்ச் என்ற குழந்தைப் பவுடர். தொழிற்சாலையில் நேர்ந்த பிழையால் சில தொகுப்புகளில் 6 சதவீதத்துக்கு மேல் ஹெக்ஸாகுளோரோஃபீன் கலந்திருந்தது. 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 36 குழந்தைகள் இறந்தார்கள். மூத்திரத்தில் நனைந்து புண்ணான தோலின்மேல், இறுக்கிக் கட்டிய துணிக்குள், நாளொன்றுக்குப் பல தடவை அந்தப் பவுடர் தூவப்பட்டது. தோல் வழியே நஞ்சு ஏறுவதற்கு இதைவிடச் சாதகமான ஏற்பாடு இருக்க முடியாது. குழந்தை சிணுங்கச் சிணுங்க, புண் ஆறட்டும் என்று தாய்மார்கள் மேலும் தூவினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. மொராஞ்ச் ஒரு விபத்து, கலவைப் பிழை, அதை வைத்துப் பொருளையே குற்றம் சொல்லக் கூடாது என்று வாதிட்டவர்கள் உண்டு. பிழை என்பது உண்மை. ஆனால் மருந்தாளரின் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டிய ஒரு நஞ்சு அந்நாட்டில் நச்சுப்பொருள் பட்டியலில் இல்லாததால், வாசனைப் பவுடர் ஆலைக்குள் வெள்ளைத் தூளோடு வெள்ளைத் தூளாக நின்றது. பிழையைச் சாத்தியமாக்கியது, கிருமியைக் கொல்லும் பொருள் நம்மை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கைதான். அதோடு, சரியான அளவில் பயன்படுத்தியபோதும் தீங்கு நேர்ந்தது என்பதைச் சியாட்டிலில் இறந்த குழந்தைகளின் மூளைகளை ஆராய்ந்த நோயியலாளர்கள் காட்டினார்கள். 248 குழந்தைகள் பற்றிய அவர்களுடைய ஆய்வு 1974-இல் வெளிவந்தது. 1400 கிராமுக்கும் குறைவான எடையில் பிறந்து, 3 சதவீதக் கரைசலில் பலமுறை குளிப்பாட்டப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் மூளைத்தண்டில் எலியிலும் குரங்கிலும் கண்ட அதே துளைகள் இருந்தன. அங்கே எந்தத் தொழிற்சாலைப் பிழையும் இல்லை. மருத்துவமனை நடைமுறைப்படி எல்லாம் நடந்திருந்தது.

1972 செப்டம்பரில் அமெரிக்கா இதை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றும், ஒப்பனைப் பொருள்களில் பதனப்பொருளாக 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றும் கட்டளையிட்டது. இதற்கு எதிரான வாதங்களிலேயே மிக வலிமையானது அதற்கு முன்பே எழுந்திருந்தது. டிசம்பர் அறிவுரைக்குப் பின் குளியலை நிறுத்திய மருத்துவமனைகள் பலவற்றில் ஸ்டஃபைலோகாக்கஸ் தொற்று மீண்டும் தலைதூக்கியது. நாடு தழுவிய விசாரணையும் குளியலை நிறுத்தியதற்கும் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாகவே கண்டது. துளை விழுந்த மூளை நுண்ணோக்கிக்குத் தெரிவது, சீழ்பிடித்த குழந்தை கண்ணெதிரே கிடப்பது. எதைக் காப்பது என்று குழந்தை மருத்துவர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் கேள்வி இரண்டு வழிகளை மட்டுமே முன்வைத்தது: ஒன்று இந்தக் குளியல், இல்லாவிட்டால் தொற்று. மூன்றாவது வழி எப்போதும் இருந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஒரு குழந்தையிலிருந்து இன்னொரு குழந்தைக்குப் பெரும்பாலும் பணியாளர்களின் கைகள் வழியாகவே போகிறது. பத்து இருபது சிசுக்களை ஒரே அறையில் வரிசையாகக் கிடத்தி, அவற்றை ஒரே செவிலி மாறி மாறித் தூக்கும் ஏற்பாடே தொற்றின் தாய். குழந்தையைத் தாயின் அருகிலேயே வைத்தல், கை கழுவுதல், தொப்புள்கொடியைச் சுத்தமாகப் பேணுதல், நெரிசலைக் குறைத்தல் ஆகியவற்றுக்கு ஆள்பலமும் இடமும் வேண்டும். ஒரு புட்டிக் கரைசல் அந்தச் செலவை மிச்சப்படுத்தியது. மேலும் ஹெக்ஸாகுளோரோஃபீன் ஸ்டஃபைலோகாக்கஸை அடக்கினாலும் சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் வகைகள்மேல் அதற்குப் பிடி குறைவு. 1954-இலேயே பிரிட்டனில் வந்துவிட்ட குளோர்ஹெக்ஸிடின் போன்ற மாற்றுகளும் இருந்தன. குளியல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதன் பயனைக் கணக்கிட்டவர்கள் அதன் விலையைக் கணக்கிடவில்லை. விலையைக் கொடுத்தவர்கள் பேசத் தெரியாத சிசுக்கள்.

விலை அவர்களோடும் நிற்கவில்லை. இந்தப் பொருளுக்கு மூலப்பொருள் ட்ரைகுளோரோஃபீனால். அதைத் தயாரிக்கும்போது சூடு மிகுந்தால் டையாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். மிசூரி மாநிலத்தின் வெரோனா என்ற சிற்றூரில் ஹெக்ஸாகுளோரோஃபீன் தயாரித்த ஆலையின் கழிவை, பழைய எண்ணெயோடு கலந்து, புழுதி அடங்க ஒருவர் தெருக்களிலும் குதிரைக் களங்களிலும் தெளித்தார். 1971-இல் குதிரைகள் செத்து விழுந்தன. அவர் எண்ணெய் தெளித்த ஊர்களில் ஒன்றான டைம்ஸ் பீச்சின் மண்ணில் டையாக்ஸின் கண்டுபிடிக்கப்பட்டது 1982-இல். மறுஆண்டு அமெரிக்க அரசு அந்த ஊரையே விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்றியது. ஆலையோ 1972 தடையால் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. 1976 ஜூலை 10-ஆம் தேதி இத்தாலியின் மெடா என்ற ஊரில், ஜிவோடானுக்குச் சொந்தமான இக்மேசா ஆலையில் ட்ரைகுளோரோஃபீனால் கலன் சூடேறி அதன் வால்வு திறந்துகொண்டது. வெளியே கிளம்பிய மேகம் பக்கத்து ஊரான செவெசோ மீது படிந்தது. குழந்தைகளின் முகங்களில் குளோராக்னே கொப்புளங்கள் எழுந்தன. ஆயிரக்கணக்கான விலங்குகள் இறந்தன. உணவுச் சங்கிலியில் நஞ்சு ஏறாமலிருக்க இன்னும் பல்லாயிரம் கால்நடைகளை வெட்ட வேண்டிவந்தது. செவெசோ என்ற பெயர் இன்று ஐரோப்பியத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தின் பெயராக நிற்கிறது. அந்த ஆலை எதற்காக அந்த ஃபீனாலைச் செய்துகொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவர் குறைவு. பெரும்பாலும் ஹெக்ஸாகுளோரோஃபீனுக்காகத்தான்; அமெரிக்காவில் தடை வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும்.

ஹெக்ஸாகுளோரோஃபீன் விட்டுப்போன இடத்தில் ட்ரைகுளோசான் வந்து அமர்ந்தது. குளோரின் ஏறிய இன்னொரு ஃபீனால், அதே வகைச் சோப்புகள், அதே வாக்குறுதி. நச்சுத்தன்மை அதைவிட மிகக் குறைவு என்பது உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. ஆனால் 2000-க்குப் பின் செய்த சோதனைகளில் அதுவும் மைட்டோகாண்ட்ரியாவின் அதே இணைப்பை அறுக்கிறது என்று தெரியவந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டியதில்லை. சட்டமும் மெல்லத்தான் மாறியது. பிரான்ஸ் மொராஞ்ச் மரணங்களுக்குப் பின் 1975-இல் ஒப்பனைப் பொருள்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. மறுஆண்டு ஐரோப்பியச் சமூகமும் அதற்கென ஒரு பொதுவிதி கொண்டுவந்தது. பின்னாளில், வீட்டில் அன்றாடம் கை கழுவவும் குளிக்கவும் பயன்படுத்தும் கிருமிநாசினிச் சோப்புகள், சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும்விட நோயை அதிகம் தடுக்கின்றன என்றும், நெடுங்காலம் பயன்படுத்தினாலும் தீங்கில்லை என்றும் நிரூபிக்கும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தயாரிப்பாளர்களிடம் கேட்டது. போதுமான சான்று வரவில்லை. 2016 செப்டம்பரில் அத்தகைய சோப்புகளில் இனி கலக்கக் கூடாதவை என்று 19 வேதிப்பொருள்களை அது அறிவித்தது. ட்ரைகுளோசான் அதில் ஒன்று. ஹெக்ஸாகுளோரோஃபீனும் அதில் ஒன்று.